சோற்றை விடாமல் எடையைக் குறைக்க: மதுரை வீட்டுக்கான அளவுகள்

முதலில் கையில் எடுக்க வேண்டியது தையல் டேப். நம் ஊரில் பலருக்கும் கை கால் மெலிந்தே இருக்கும், தொப்பை மட்டும் முன்னால் வந்து நிற்கும். எடை மெஷினுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. கல்லீரலையும் குடலையும் சுற்றிச் சேர்கிற கொழுப்புதான் சர்க்கரை நோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாரடைப்புக்கும் வழிவிடுகிறது. அது எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று வீட்டிலேயே அறிய இடுப்பளவுதான் எளிய வழி.

சட்டையை விலக்கிவிட்டு நிமிர்ந்து நில்லுங்கள். பக்கவாட்டில் கடைசி விலா எலும்பைத் தொட்டுப் பாருங்கள், அதற்குக் கீழே இடுப்பு எலும்பின் மேல்விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் நட்டநடுவில் டேப்பைச் சுற்ற வேண்டும். முதுகுப் பக்கம் டேப் இறங்கிவிடும், அதனால் வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். வயிற்றை எக்காதீர்கள். மூச்சை இயல்பாக விட்டு முடித்த நேரத்தில் அளவைப் படியுங்கள். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால் குறைத்தாக வேண்டும். பேன்ட் சைஸை நம்பாதீர்கள். தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டுகிறவருக்கு 34 சைஸ் சரியாக இருக்கும், டேப் வைத்தால் 100 செ.மீ. வரும்.

அடுத்து உடல் எடைக் குறியீடு, அதாவது பி.எம்.ஐ. உயரத்தை மீட்டரில் எடுத்து அதை அதாலேயே பெருக்கி, வருகிற எண்ணால் எடையை வகுக்க வேண்டும். 160 செ.மீ. உயரம், 68 கிலோ எடை என்றால் 1.6-ஐ 1.6-ஆல் பெருக்க 2.56. 68-ஐ 2.56-ஆல் வகுத்தால் 26.6. இந்தியர்களுக்கு 23-க்கு மேல் போனாலே கூடுதல் எடை, 25-க்கு மேல் உடல் பருமன். மேல்நாட்டு அட்டவணைகளில் 25, 30 என்று போட்டிருப்பார்கள். குறைந்த எடையிலேயே நமக்குச் சர்க்கரை நோய் வந்துவிடுவதால் நமக்கான கோடு கீழே இருக்கிறது.

இலக்கைச் சின்னதாக வையுங்கள். இருக்கிற எடையில் 5 முதல் 10 சதவீதம், அதுவும் ஆறு மாதத்தில். 80 கிலோ இருப்பவருக்கு 4 முதல் 8 கிலோ. கல்யாண வயதில் இருந்த 58 கிலோவுக்குத் திரும்ப வேண்டும் என்று தொடங்குகிறவர்கள்தான் இரண்டாவது மாதத்தில் விட்டுவிடுகிறார்கள். 5 சதவீதம் குறைந்தாலே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்கத் தொடங்கும். ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. தினமும் 400 கலோரி குறைத்தால் ஒரு கிலோ இறங்க 19 நாளாகும். வாரத்துக்கு அரை கிலோவுக்கு மேல் வேகம் வேண்டாம். பட்டினி கிடந்து விறுவிறுவென்று இறக்கினால் கொழுப்போடு சதையும் கரையும், பித்தப்பையில் கல் சேரவும் வாய்ப்பு கூடும்.

தொடங்கும் முன் டாக்டரைப் பார்க்க வேண்டியவர்கள்

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைக்கும் முன் மருந்தளவைப் பற்றிக் கண்டிப்பாகக் கேட்க வேண்டும். சோறு பாதியாகி மருந்து பழைய அளவிலேயே இருந்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும். கை நடுக்கம், குப்பென்று வியர்வை, படபடப்பு, கண் இருட்டுவது எல்லாம் அதன் அறிகுறிகள். அப்போது மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும். கால் மணி நேரத்தில் சரியாகவில்லை என்றால் இன்னொரு முறை குடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

சாப்பாடு மாறாமலே எடை ஏறினால், முடி கொட்டினால், மலச்சிக்கலும் அசதியும் சேர்ந்து வந்தால் தைராய்டு பார்க்க வேண்டும். மாதவிடாய் தள்ளிப்போகிற பெண்கள் சினைப்பை நீர்க்கட்டிக்குப் பார்க்க வேண்டும். ஸ்டீராய்டும் சில மனநல மருந்துகளும் எடையை ஏற்றும். அவற்றை நீங்களாக நிறுத்தாதீர்கள், மாற்று மருந்து உண்டா என்று கேளுங்கள். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் எடை குறைக்கும் வேலையில் இப்போது இறங்க வேண்டாம்.

எண்ணெய்க் கேன்

எந்த வீட்டிலும் முதலில் கை வைக்க வேண்டிய இடம் எண்ணெய். சோற்றைக் குறைத்தால் வயிறு கேட்கும். எண்ணெயைக் குறைத்தால் வயிற்றுக்குத் தெரியவே தெரியாது. ஒரு தேக்கரண்டி எண்ணெய், அதாவது 5 மில்லி, 40 கலோரிக்கு மேல். தாளிப்புக் கரண்டியைச் சரித்தால் ஒரே ஊற்றில் நாலு தேக்கரண்டி விழும்.

ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் வீட்டுக்கு 2 லிட்டர். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், நெய் எல்லாம் இந்தக் கணக்குக்குள் வர வேண்டும். விளக்குக்கு ஏற்றுகிற எண்ணெயைத் தனி பாட்டிலில் வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கணக்கு குழம்பும். மாதத்தின் முதல் நாள் 2 லிட்டரை ஒரு கேனில் ஊற்றி, வெளியே பேனாவால் நான்கு கோடு போடுங்கள், வாரத்துக்கு ஒரு கோடு. முதல் மாதம் பெரும்பாலும் 18, 20 நாளிலேயே கேன் காலியாகிவிடும். பரவாயில்லை. எந்த வாரம் கோட்டைத் தாண்டி இறங்கியது, அந்த வாரம் என்ன சமைத்தோம் என்று பாருங்கள். அப்பளம் பொரித்த நாள், ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு, பூரி, இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

மாதம் 5 லிட்டர் வாங்குகிற நான்கு பேர் வீடு 2 லிட்டருக்கு வந்தால், ஒருவருக்கு ஒரு நாளைக்கு 200 கலோரி குறைகிறது. வேறு எதையும் தொடாமல், கணக்குப்படி மாதம் முக்கால் கிலோ.

அடுப்படியில் செய்ய வேண்டியவை எளியவைதான். எண்ணெயைக் கேனிலிருந்து நேராகச் சட்டியில் ஊற்றாமல் தேக்கரண்டியில் எடுங்கள். பழகின இரும்புக் கல்லில் தோசை ஊற்றினால், பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுக் கல்லைத் தேய்த்தாலே போதும், சுற்றிலும் விட வேண்டியதில்லை. இட்லிப் பொடிக்கு ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டுக் கூடவே வெந்நீர் ஒரு தேக்கரண்டி சேர்த்துக் குழைத்துப் பாருங்கள், பொடி நனையும், ருசியும் போகாது. கத்திரிக்காய், வெண்டைக்காய் வதக்கும்போது மூடி போட்டுத் தண்ணீர் தெளித்தால் அடி பிடிக்காது. கறிக்குழம்பை ஆறவிட்டு மேலே மிதக்கிற கொழுப்பைக் கரண்டியால் வழித்து எடுங்கள். ஒருமுறை பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவது எடையைத் தாண்டியும் கெடுதல்.

சோறும் வெஞ்சனமும்

சோற்றை நிறுத்தாதீர்கள். அளந்து போடுங்கள். வடித்த சோற்றை 200 மில்லி டம்ளரில் அமுக்காமல் நிரப்பினால் ஏறத்தாழ 150 கிராம், 200 கலோரி. மதியம் தட்டில் கும்பாச்சியாகப் போட்டுக்கொள்கிறவர் நாலு டம்ளர் சாப்பிடுகிறார் என்று அளந்து பார்த்த பிறகுதான் தெரியும். உட்கார்ந்து வேலை பார்க்கும் பெண்ணுக்கு ஒன்று முதல் ஒன்றரை டம்ளர், ஆணுக்கு இரண்டு டம்ளர் மதியத்துக்குப் போதும். வயல் வேலை, கட்டட வேலை, மூட்டை தூக்குகிற வேலை பார்ப்பவர்களுக்கு இந்த அளவு பொருந்தாது, அவர்களுக்குக் கூடுதலாக வேண்டும்.

குறைத்த சோற்றின் இடத்தைக் காயும் பருப்பும் நிரப்ப வேண்டும். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். சோற்றைப் பாதியாக்கிவிட்டுப் பொரியலைப் பழையபடி ஒரு கரண்டியோடு நிறுத்துவார்கள். சாயங்காலம் நாலு மணிக்குப் பசி காதை அடைக்கும், முறுக்கு டப்பா திறக்கும், மிச்சம் பிடித்ததெல்லாம் பத்து நிமிஷத்தில் திரும்பி வரும். தட்டில் முதலில் காயை வையுங்கள், பாதித் தட்டு வரும் அளவுக்கு. கால் பங்கு சோறு. மீதிக் கால் பங்கு பருப்புக் கூட்டு, முட்டை, மீன், தோல் நீக்கிய கோழி, இவற்றில் ஒன்று. சாப்பிடும்போதும் காயைப் பாதி தின்றுவிட்டுச் சோற்றில் கை வையுங்கள்.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறி, 250 கிராம் தானியம், 85 கிராம் பருப்பு என்று கணக்குச் சொல்கிறது. எடை குறைப்பவர் தானியத்தை இன்னும் இறக்கலாம், காயையும் பருப்பையும் இறக்கக் கூடாது. நான்கு பேருக்கு ஒரு நாளைக்கு ஒன்றரைக் கிலோ காய் என்றால் தள்ளுவண்டியில் அரைக் கிலோ, கால் கிலோ என்று வாங்கிக் கட்டுப்படியாகாது. வாரத்துக்கு இரண்டு முறை உழவர் சந்தைக்குப் போங்கள். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையே 1999 நவம்பர் 14-ல் மதுரை அண்ணா நகரில்தான் திறந்தார்கள். காலையிலேயே போனால் சுரைக்காய், புடலை, பீர்க்கு, அவரை, கொத்தவரை, முள்ளங்கி, அரைக்கீரை, சிறுகீரை எல்லாம் பிஞ்சாகக் கிடைக்கும். உருளைக்கிழங்கு, சேனை, வாழைக்காய் மூன்றையும் காய்க் கணக்கில் சேர்க்காதீர்கள். அவற்றைச் சமைக்கிற நாளில் சோற்றை அரை டம்ளர் குறைத்துவிடுங்கள்.

சாம்பாரில் பருப்பு ஓடி ஒளிந்துகொள்ளும். ஆளுக்கு 40 கிராம் துவரம்பருப்பு போட்டால் 9 கிராம் வரை புரதம் கிடைக்கும். உடல் எடையில் கிலோவுக்கு 0.8 முதல் 1 கிராம் புரதம் வேண்டும், 60 கிலோ இருப்பவருக்கு 50 முதல் 60 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம். 100 கிராம் மீனிலோ கோழியிலோ 20 கிராம். அவித்த கொண்டைக்கடலை 100 கிராமில் 8 கிராமுக்கு மேல். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைத் தாங்களாகக் கூட்ட வேண்டாம்.

சோற்றுக்குப் பதில் சப்பாத்தி என்று மாறுகிறவர்கள் எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. எண்ணெய் விட்ட நாலு சப்பாத்தியும் இரண்டரை டம்ளர் சோறும் கலோரியில் ஒன்றுதான். சிறுதானியமும் அப்படியே. கம்பு, கேழ்வரகு, வரகு எல்லாம் 100 கிராமுக்கு அரிசிக்குப் பக்கத்தில்தான் வரும். நார்ச்சத்து கூடுதலாக இருப்பதால் சீக்கிரம் வயிறு நிறையும், அந்த நன்மை உண்மையானது, அளவு குறைந்தால்தான் அதுவும் பலிக்கும்.

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பதைக் கேட்டுச் சாப்பாட்டுக்கு மேலே கொள்ளு ரசம், கொள்ளுக் கஞ்சி என்று குடிக்கிறார்கள். கொள்ளுக்குக் கொழுப்பைக் கரைக்கிற சக்தி கிடையாது. 100 கிராமில் 20 கிராமுக்கு மேல் புரதமும் நல்ல நார்ச்சத்தும் இருப்பதால் அது பசியைத் தாங்கும். அதனால் கொள்ளுத் துவையலோ சுண்டலோ இரவு டிபனில் பாதியின் இடத்தைப் பிடிக்க வேண்டும். வெறும் வயிற்றில் தேனும் எலுமிச்சையும் கலந்த வெந்நீரும் எதையும் கரைக்காது, ஒரு மேசைக்கரண்டி தேனில் 60 கலோரி இருக்கிறது.

டீக்கடை, இரவு டிபன்

ஒரு நாளைக்கு நாலு டீ, டீக்கு இரண்டு தேக்கரண்டி சீனி. 40 கிராம் ஆயிற்று, மாதத்துக்கு 1.2 கிலோ சீனி. மாஸ்டரிடம் "சீனி கம்மியா" என்றால் ஒன்றரைக் கரண்டி விழும். "சீனி போடாம குடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, தனியாக அரைக் கரண்டி கேட்டு நீங்களே கலக்குங்கள். இரண்டு வாரத்தில் நாக்கு பழகிவிடும். டீயோடு வரும் வடையின் இடத்தில் ஒரு சின்னக் கிண்ணம் பட்டாணிச் சுண்டல் இருக்கட்டும்.

தூங்கா நகரத்தில் பத்து மணிக்கு மேலும் கல்லில் பரோட்டா விசிறுகிற சத்தம் கேட்கும். அளவைப் பொறுத்து ஒரு பரோட்டா 250 முதல் 300 கலோரி. மூன்று பரோட்டாவும் ஊற்ற ஊற்றச் சால்னாவும் சேர்ந்தால் 1,000 கலோரி வந்துவிடும், உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு ஒரு நாள் தேவையில் பாதி. கொத்துப் பரோட்டாவில் எத்தனை பரோட்டா விழுந்தது என்று எண்ணவே முடியாது, அதனால் அதைத் தவிர்ப்பது நல்லது. ஆசையை அடக்கி அடக்கி ஒரு நாள் ஆறு தின்பதைவிட, பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஒரு பரோட்டா, ஒரு கலக்கி, சால்னா இரண்டு கரண்டி என்று வைத்துக்கொள்ளலாம். ஜிகர்தண்டாவில் பாதாம் பிசினும் கடற்பாசியும் ஒன்றும் செய்யாது, சுண்டக் காய்ச்சிய பாலும் சர்பத்தும் ஐஸ்கிரீமும்தான் ஏற்றுபவை. ஒரு டம்ளரை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டு இரவு டிபன் எட்டு மணிக்குள் முடியட்டும். மூன்று இட்லியும் ஒரு கிண்ணம் சாம்பாரும், அல்லது இரண்டு சப்பாத்தியும் காய் போட்ட பருப்பும். கடையைப் பூட்டிவிட்டுப் பதினொரு மணிக்கு வருகிறவர் ஏழு மணிக்குக் கடையிலேயே சுண்டலோ இரண்டு அவித்த முட்டையோ சாப்பிட்டுவிட்டால், வீட்டுக்கு வந்து ஏழு தோசை கேட்க மாட்டார். தூக்கம் ஆறு மணி நேரத்துக்குக் குறைகிறவர்களுக்கு மறுநாள் பசியும் இனிப்பு ஆசையும் கூடும், ஏழு மணி நேரமாவது தூங்க வேண்டும்.

காதுகுத்து, கிடாவெட்டு, சித்திரைத் திருவிழா வரும்போது போகாமல் இருக்க முடியாது, இருக்கவும் வேண்டாம். இலையில் சோறு ஒரே ஒரு முறை. கறித்துண்டைச் சாப்பிடுங்கள், எண்ணெய் மிதக்கிற குழம்பைக் குறைவாக ஊற்றச் சொல்லுங்கள். பரிமாறுகிறவர் வாளியோடு நிற்கும்போது வெறுமனே "வேண்டாம்" என்றால் மனம் கோணும். "சோறு போதும் அத்தை, அந்தக் கூட்டு இன்னொரு கரண்டி வைங்க" என்று கேட்டு வாங்கினால் அவருக்கும் திருப்தி. மறுநாள் பட்டினி கிடக்காதீர்கள், வழக்கமான அளவுக்குத் திரும்பினால் போதும்.

நடை

நடையால் மட்டும் எடை இறங்கும் என்று நம்பி ஏமாறாதீர்கள். அரை மணி நேர வேக நடையில் செலவாவது 120 முதல் 150 கலோரி. முடித்துவிட்டு வாசலில் ஒரு வடையும் சீனி போட்ட காபியும் சாப்பிட்டால் தீர்ந்தது. ஆனாலும் நடக்கத்தான் வேண்டும். இறங்கிய எடையை இறங்கிய இடத்திலேயே நிறுத்துவதும் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் நடைதான்.

வாரத்துக்கு 150 நிமிஷமாவது உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் சரியான வேகம். ஏறத்தாழ நிமிஷத்துக்கு 100 காலடி. புதிதாகத் தொடங்குகிறவர் முதல் வாரம் தினமும் 10 நிமிஷம், பிறகு வாரத்துக்கு 5 நிமிஷம் கூட்டுங்கள். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தை ஒருமுறை சுற்றினால் 1.2 கி.மீ. வரும், இரண்டு சுற்று அரை மணிக்குச் சரியாக இருக்கும். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி வாகனம் வராத சித்திரை வீதிகளில் வயதானவர்கள் பயமில்லாமல் நடக்கலாம். ஏப்ரல், மே மாதங்களில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் சைக்கிளுக்கு மாறலாம். வெளியே போக வழியில்லாத நாளில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மாடியில் 15 நிமிஷம் நடப்பதும் சர்க்கரை ஏற்றத்தைக் குறைக்கும். நெஞ்சில் இறுக்கமோ வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறலோ வந்தால் நடையை அங்கேயே நிறுத்தி உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வாரத்தில் இரண்டு நாள் சதைக்கு வேலை கொடுங்கள், இல்லாவிட்டால் எடையோடு சதையும் போய்விடும். கை வைக்காமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 10 தடவை, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது 10 தடவை, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்குவது 10 தடவை. ஒவ்வொன்றையும் மூன்று சுற்று செய்யுங்கள்.

எடை இறங்காமல் நின்றால்

எடை பார்ப்பது வாரத்துக்கு ஒரு நாள் போதும். காலையில் கழிவறை போய் வந்து, எதுவும் சாப்பிடும் முன், ஒரே மாதிரி உடுப்பில், மெஷினைப் பாய் மேல் வைக்காமல் வெறும் தரையில் வைத்துப் பாருங்கள். ஊறுகாயும் கருவாடும் சாப்பிட்ட மறுநாள் உப்பு நீரைப் பிடித்துவைத்து ஒரு கிலோ கூடக் காட்டும். மாதவிடாய்க்கு முன்னும் ஏறும். முதல் வாரம் இரண்டு கிலோ இறங்கினால் அதில் பெரும்பகுதி தண்ணீர்தான், அதே வேகத்தை எதிர்பார்க்காதீர்கள். மாதத்துக்கு ஒருமுறை இடுப்பளவையும் எழுதுங்கள். நடையும் தசைப் பயிற்சியும் நடக்கிற வீட்டில் எடை நின்றிருக்கும்போதே டேப் இரண்டு செ.மீ. குறைத்துக் காட்டுவதுண்டு.

இரண்டு மூன்று மாதத்தில் பலருக்கும் எடை அப்படியே நிற்கும். எடை குறைந்த உடம்புக்குத் தேவையும் குறைகிறது, அது ஒரு காரணம். இன்னொன்று, டம்ளர் அளவு கண் அளவாக மாறியிருக்கும். ஒரு வாரம் மறுபடி டம்ளரையும் தேக்கரண்டியையும் எடுத்து அளந்து, சாப்பிட்டதை எல்லாம் நோட்டில் எழுதுங்கள், குழந்தை மிச்சம் வைத்த அரைத் தோசை உட்பட. அப்படியும் மூன்று வாரம் அசையவில்லை என்றால் இரவு டிபனில் ஒரு இட்லியைக் குறைத்து, நடையில் 10 நிமிஷம் கூட்டுங்கள்.

இந்த நேரத்தில்தான் எடை குறைக்கும் பவுடர், கஷாயப் பொடி, மாத்திரை என்று யாராவது கொண்டுவந்து நிற்பார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத எதையும் சாப்பிடாதீர்கள், கல்லீரல் கெட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். பசியைக் குறைக்கும் ஊசிகள் உண்மையிலேயே வேலை செய்பவை, ஆனால் டாக்டர் பரிசோதித்து எழுதித் தந்தால் மட்டுமே போட வேண்டியவை. நிறுத்தினால் எடை திரும்புவது சகஜம். எந்த முயற்சியும் செய்யாமல் ஆறு மாதத்தில் 5 சதவீதத்துக்கு மேல் எடை இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள். சர்க்கரை, தைராய்டு, காசநோய் எல்லாம் பார்க்க வேண்டும்.

இலக்கை எட்டிய பிறகும் எடையை வாரம் ஒருமுறை எழுதிக்கொண்டே வாருங்கள். எட்டிய எடைக்கு மேல் 2 கிலோ ஏறிவிட்டால் 5 கிலோவாகும் வரை காத்திருக்க வேண்டாம், அந்த வாரமே எண்ணெய்க் கேனில் மறுபடி கோடு போடுங்கள்.